ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிந்தவன்

ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' 1963இல் வெளிவந்தது. கல்லூரி மாணவன் ஒருவன் நண்பனின் ஊருக்குப் போகிறான். அங்கே பாழடைந்து கிடக்கும் மாளிகைக்குள் நுழைந்ததும் போன பிறவி அவன் நினைவுக்கு வருகிறது. அந்தப் பிறவியில் அவன் ஜமீன்தாரின் மகன். அவன் விரும்பிய கண்ணம்மா ஏழை வீட்டுப் பெண். காதலைப் பொறுக்காத ஜமீன்தார் இருவரையும் வாழவிடவில்லை. இருவரும் மறுபடியும் பிறந்து ஒருவரையொருவர் கண்டுகொள்கிறார்கள். அவர்களைப் பிரித்த ஜமீன்தாரோ இன்னும் சாகவில்லை. 109 வயதுக் கிழவராக, அதே வன்மத்தோடு உட்கார்ந்திருக்கிறார். கல்யாண்குமார், தேவிகா, எம்.என். நம்பியார் நடித்தார்கள். ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட். விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையில் பி.பி. ஸ்ரீனிவாசும் பி. சுசீலாவும் பாடிய தலைப்புப் பாட்டு, கண்ணதாசன் எழுதியது.

தமிழ் சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் படத்தைப் பாட்டுக்காகவும் நம்பியாரின் கிழவர் வேடத்துக்காகவும் நினைவுகூர்வார்கள். கண்டிக்கு மேலே, கலஹா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் மலைகளில் இந்தப் படத்துக்கு வேறொரு வரலாறு உண்டு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் காமன் பொட்டலில் இருந்து தொடங்க வேண்டும்.

மாசி மாதம் அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் தோட்டத்தில் காமன் ஊன்றுவார்கள். ஆமணக்கும் கரும்பும் வைக்கோல் பிரியும் சேர்த்துக் கட்டிய கம்பம் அது. அதை நடுகிற இடத்துக்குக் காமன் பொட்டல் என்று பெயர். பௌர்ணமியை ஒட்டிய இரவில் காமன் தகனம். மூன்றாம் நாள் உயிர் எழுப்புதல். இடைப்பட்ட நாட்களில் பகலெல்லாம் கொழுந்து எடுத்து, கவ்வாத்து வெட்டி, உரம் போட்டு வந்தவர்கள் பொழுது சாய்ந்ததும் பொட்டலில் கூடுவார்கள். கூத்தைப் பழக்கும் காமன் மாஸ்டர் பாட்டெடுத்துக் கொடுப்பார். தெய்வயானையும் முருகனும் கோயிலுக்குள் இருந்தார்கள். ரதியும் மதனும் எங்கள் லயத்து வரிசைவீட்டு ஆட்களாகவே எங்களோடு இருந்தார்கள்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தாட்சாயணியை இழந்த சிவன் தவத்தில் மூழ்கிவிடுகிறார். சூரபத்மனின் கொடுமை தாங்காத தேவர்களுக்குச் சிவகுமாரன் ஒருவன் வேண்டும். தவத்தைக் கலைத்து வரும்படி மன்மதனுக்கு இந்திரன் ஓலை அனுப்புகிறான். கெட்ட கனவு கண்ட ரதி, போகாதே என்று காலைப் பிடிக்கிறாள். அரச கட்டளை, போய்த்தான் ஆக வேண்டும் என்கிறான் மதன். கரும்பு வில்லை வளைத்து மலர்க்கணை விடுகிறான். சிவனின் நெற்றிக்கண் திறக்கிறது. மதன் சாம்பலாகிறான். ரதி அழுத அழுகையில் மனமிரங்கிய சிவன் மதனுக்கு உயிர் கொடுக்கிறார், ஒரு நிபந்தனையோடு: இனி அவன் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான்.

எங்கள் கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்தான் கட்டுவான். பதினேழு பதினெட்டு வயதில் நான் ரதி கட்டினேன். கம்பம் ஊன்றிய நாளில் இருந்து விரதம். கவிச்சி தொடக்கூடாது, கட்டிலில் படுக்கக்கூடாது. தகன இரவில் முகத்துக்கு அரிதாரம் பூசி, சவுரி முடிந்து, அக்காமாரிடம் இரவல் வாங்கிய சிவப்புச் சேலையை மாஸ்டரே கட்டிவிட்டார். மாசிப் பனியில் தப்பின் தோல் அடிக்கடி தொய்ந்துவிடும். வைக்கோலைக் கொளுத்தி, தப்பை நெருப்புக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவார்கள். விரலால் தட்டிப் பார்த்து, கணீர் என்று வந்த பிறகுதான் ஆட்டம். லயம் லயமாகப் போவோம். ஒவ்வொரு வீட்டு இஸ்தோப்புத் திண்ணையிலும் கோலம், குத்துவிளக்கு, ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு. ஓலைத் தூதன் முன்னால் ஓடுவான். வீரபத்திரன் தீப்பந்தத்தோடு வரும்போது பிள்ளைகள் அம்மாமாரின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வார்கள். விடியற்காலையில் கம்பத்துக்குத் தீ வைத்ததும் நான் ஒப்பாரி எடுக்க வேண்டும். நான் ஒரு அடி பாடி முடிப்பதற்குள் சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் சேர்ந்து அழத் தொடங்கிவிட்டார்கள். அவரவர் வீட்டுச் சாவுக்கும் பிரிவுக்கும் சேர்த்து அங்கேதான் அழுதார்கள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

மூன்றாம் நாள் எழுப்புக்கு மாஸ்டர் எனக்குக் கற்றுக் கொடுத்தது மிகச் சிறிய பாடம். மதன் கட்டியவன் அப்போது பொட்டலில் நிற்கமாட்டான். ஆள் இல்லாத இடம் ஒன்றை ரதி பார்க்க வேண்டும். பார்த்த கண்ணை எடுக்காமல் மெல்லச் சிரிக்க வேண்டும். "சனம் உன் கண்ணைப் பார்த்துத்தான் அவன் வந்துட்டான்னு நம்பணும்" என்றார். மறுபிறவிக் காதல் என்றால் என்னவென்று சினிமா எனக்குச் சொல்லும் முன்பே அந்தப் பொட்டல் சொல்லிவிட்டது.

இந்தக் கதை எங்கள் முன்னோரோடு கடல் தாண்டி வந்தது. 1815இல் கண்டி ராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1824இல் ஜார்ஜ் பேர்ட் கம்பளைக்குப் பக்கத்தில் கோப்பித் தோட்டம் போட்டார். அதைத் தொடர்ந்து தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் பக்கத்துச் சனங்கள் கங்காணிமார் பின்னால் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று கண்டிச் சீமைக்கு நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் எங்கள் மலைக்கு அருகே உள்ள லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். அதே ஆண்டில்தான் கண்டிக்கு ரயிலும் வந்தது. கோப்பி நோயில் அழிந்து தேயிலை மலையெல்லாம் பரவியது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. போனவன் வருவானா என்று ஊரில் காத்திருந்த பெண்களின் பாட்டுகளிலெல்லாம் கண்டிச் சீமை வந்துவிட்டது. இக்கரையில் காம்பிரா என்று நாங்கள் சொல்லும் லயத்து அறைகளில் காமன் கூத்து நிலைத்துவிட்டது. பிரிவு எங்கள் சனத்தின் முதல் அனுபவம். அதனால்தான் தமிழ்நாட்டில் பல ஊர்களில் மங்கிப்போன ஒரு கூத்து இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் செழித்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிறவி தாண்டிய காதல் தமிழுக்குப் புதிதில்லை. குறுந்தொகையில் அம்மூவனார் பாட்டின் தலைவி, அடுத்த பிறப்பிலும் இவனே கணவனாக வேண்டும் என்று கேட்கிறாள். பாகவதத்தில் எரிந்துபோன காமன் கண்ணனின் மகன் பிரத்யும்னனாகப் பிறக்கிறான். ரதி மாயாவதியாக அவனுக்குக் காத்திருக்கிறாள். மணிமேகலையில் இன்னும் ஆழமான ஓர் இடம் உண்டு. மணிபல்லவத் தீவில் புத்த பீடிகையைத் தொழுததும் மணிமேகலைக்குப் பழம்பிறப்பு தெரிகிறது. தன்னைத் துரத்தும் உதயகுமரன் போன பிறவியில் தன் கணவன் இராகுலன் என்று அறிகிறாள். ஆனாலும் அவள் துறவு வழியில்தான் நடக்கிறாள். அந்த மணிபல்லவத்தை நயினாதீவு என்று அடையாளம் சொல்வார்கள் பலர். ஆக, இந்தத் தீவின் மண்ணிலும் ஒரு பழம்பிறப்புக் காதல் புதைந்து கிடக்கிறது.

சினிமா இந்தக் கதையை எடுத்துக்கொண்டபோது அதற்கு ஒரு மலையும் பாழடைந்த மாளிகையும் தேவைப்பட்டன. 1949இல் கமால் அம்ரோஹியின் 'மஹல்', 1958இல் பிமல் ராயின் 'மதுமதி'. ரித்விக் கட்டக் எழுதிய மதுமதியின் கதையை எங்கள் ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மலையில் மரம் வெட்டும் ஒரு எஸ்டேட். அங்கே மேலாளராக வரும் திலீப்குமார். மலைச் சாதிப் பெண் வைஜெயந்திமாலா. அவள்மேல் கண் வைக்கும் முதலாளி. மூடுபனி, வழுக்கும் பாதை, மேலே ஒரு பங்களா, அதற்குக் கீழே வேலையாட்கள். படத்தின் முடிவில் மறுபிறவி எடுத்தவள் ஒரு ரயிலில் வந்து இறங்குகிறாள். மேல்நாட்டிலும் இப்படிப்பட்ட படங்கள் உண்டு. 1980இல் வந்த 'சம்வேர் இன் டைம்' படத்தில் கிறிஸ்டோபர் ரீவ் காதலுக்காக 1912ஆம் ஆண்டுக்கே போய்விடுகிறார். அவருடைய சட்டைப் பையில் தங்கிவிட்ட 1979ஆம் ஆண்டுக் காசு ஒன்று கண்ணில் பட்டதும் காதலியிடமிருந்து பிய்த்தெடுக்கப்பட்டுத் தன் காலத்துக்கே திரும்பிவிடுகிறார். ஆண்டு பொறித்த ஒரு சிறு செப்புக்காசு இரண்டு உயிர்களைப் பிரித்துவிடுகிறது. எங்களுக்கும் அப்படி ஒரு பொருள் வந்து சேர்ந்தது; அது காகிதத்தில் வந்தது.

அதற்கு முன்னால் பாட்டு வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்கு ஆசியத் தலைமையகத்தைக் கண்டியில், பேராதனைப் பூந்தோட்டத்தில் அமைத்தார். போர் வீரர்களுக்காகக் கொழும்புப் பக்கம் எழுப்பிய பலமான சிற்றலை ஒலிபரப்பி போர் முடிந்ததும் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. 1952இல் இந்திய வானொலி சினிமாப் பாட்டுகளை ஒதுக்கிவைத்தபோது இந்தியா முழுவதும் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பியது. தமிழ் நிகழ்ச்சிகளில் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலுக்கு இரு கரையிலும் ரசிகர்கள் இருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் ரேடியோ இருந்தது கணக்கப்பிள்ளை ஐயா வீட்டில். அந்த வீட்டு வேலியோரம் நின்றுதான் 'நெஞ்சம் மறப்பதில்லை' பாட்டை நாங்கள் பாடமாக்கினோம். படத்தைப் பிறகு கண்டி டவுனில், சம்பள நாளை அடுத்த ஞாயிறு ஒன்றில், லொறி பிடித்துப் போய்ப் பார்த்தோம். திரும்பி வரும் வழியில் ஒரு பாட்டி சொன்னது: "இது நம்ம காமன் கதைதானே."

படம் வந்த மறு ஆண்டு, 1964 அக்டோபர் 30ஆம் தேதி, சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை ஏற்கெனவே நாடற்றவர்கள் ஆக்கியிருந்தது. அப்படி நின்றவர்களை 9,75,000 பேர் என்று கணக்கிட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1974இல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களில் ஒருவரையும் கூப்பிட்டு விருப்பம் கேட்டுவிட்டு அந்த எண்களை எழுதவில்லை. 1968 முதல் 1970 வரை விண்ணப்பம் வாங்கினார்கள். இலங்கைக்கு ஒதுக்கிய 3 லட்சம் இடத்துக்கு அதைப்போல இருமடங்குக்கும் மேற்பட்டவர்கள் கேட்டார்கள். இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்கள் ஒதுக்கிய தொகையை எட்டவே இல்லை. சனத்தின் மனது எங்கே இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

ஒரே லயத்தில் ஒரு காம்பிராவுக்கு இந்தியப் பாஸ்போர்ட், அடுத்த காம்பிராவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு பட்டியலிலும் தம்பி இன்னொன்றிலும் இருந்தார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து போகலாம் என்று இருந்தது. பரிசம் போட்டவர்களுக்கும், இன்னும் வீட்டில் சொல்லாமல் மனதில் வைத்திருந்தவர்களுக்கும் எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. எனக்கு மதனாக நின்றவன் கதை அதுதான். கீழ் லயத்துப் பெண் ஒருத்திக்கும் அவனுக்கும் பேச்சு முடிந்திருந்தது. அவன் வீட்டார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவள் வீட்டார் இலங்கைக்கு. கலியாணத்தை முந்தி வைக்கலாம் என்றால் அவள் அப்பாவுக்குப் பயம்: பிரஜாவுரிமைக் கடதாசி வரும் நேரத்தில் மகளின் பெயர் வேறு பட்டியலில் ஏறினால் குடும்பம் முழுவதற்கும் என்ன ஆகுமோ என்று. கடைசியில் பாஸ்போர்ட் வந்துவிட்டது. நாள் குறித்துவிட்டார்கள்.

இந்தியாவுக்குப் போனவர்களை ஏற்றிச்சென்ற ரயிலுக்குத்தான் எங்கள் சனம் ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வைத்தது. மு. சிவலிங்கம் தன் கதைத் தொகுப்பு ஒன்றுக்கே அந்தப் பெயரை இட்டார். மலைநாட்டு ஸ்டேஷன்களில் இருந்து பொல்காவலை, மாஹோ, அனுராதபுரம், மன்னார் வழியாகத் தலைமன்னார் துறைக்கு. அங்கிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துவிட்டதால் கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியிருந்தது. இறங்கியவர்களை மண்டபம் முகாமில் தங்கவைத்தார்கள். ஒரு காலத்தில் இலங்கைக்குக் கூலியாட்களை அனுப்பும்போது நோய் இருக்கிறதா என்று சோதித்து நிறுத்திவைத்த அதே மண்டபம் அது. எங்கள் பாட்டன் நுழைந்த வாசல் வழியாகப் பேரன் வெளியேறினான். ஸ்டேஷனில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கோச்சி நகர்ந்ததும் பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்கள். அந்தப் பெண் ஓடவில்லை. தகர டிரங்குப் பெட்டிகள் இறக்கி வைத்த இடத்தருகே நின்றாள். கோச்சி கண்ணுக்கு மறைந்து வெகுநேரம் ஆன பிறகும் தண்டவாளம் வளைகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் எனக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுத்த பார்வை அது. அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பார்வையில் மாஸ்டர் கேட்ட சிரிப்பும் இல்லை.

அவன் நீலகிரிக்குப் போனான். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. அங்கே போயும் கொழுந்துதான் எடுத்தான். அங்கே அவனைச் சிலோன்காரன் என்றார்கள். முதல் வருஷ மாசியில் எனக்கு எழுதிய கடிதத்தில், பக்கத்து லயத்து ஆட்களோடு சேர்ந்து காமன் ஊன்றியதாகவும், ரதி கட்டப் பையன் அமையவில்லை என்றும் எழுதியிருந்தான். அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவள் பிறகு கலியாணம் கட்டினாள், பேரப்பிள்ளைகள் கண்டாள், கண்ணியமாக வாழ்ந்து முடித்தாள். அவள் பெயரை நான் எழுதமாட்டேன்.

ஒப்பந்தத்தின்படி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிப் போனார்கள். 1984இல் கப்பல் நின்றது. பாஸ்போர்ட் கையில் இருந்தும் போக முடியாதவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களையும் இந்த நாட்டுப் பிரஜைகளாக ஏற்றது. ஆக, நாற்பது வருஷத்துக்குள் அந்தப் பட்டியல்களின் தேவையே முடிந்துபோனது. 1964இலேயே இந்த முடிவை எடுத்திருந்தால் எந்தக் கோச்சியும் ஓடியிருக்க வேண்டியதில்லை. படத்து ஜமீன்தாருக்குக் கோபம் என்ற ஒரு காரணமாவது இருந்தது. எங்களைப் பிரித்த எண்களுக்கு அதுகூட இல்லை.

மறுபிறவிக் காதல் படங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சேராமல் போனவர்கள் எங்கோ ஓரிடத்தில் சேர்ந்தே தீர வேண்டும் என்று சாதாரண மனிதர்கள் வைத்த நியாயமான கோரிக்கை அது. காமன் கூத்தும் அந்தக் கோரிக்கையைத்தான் வருஷாவருஷம் தப்படித்துச் சொன்னது. ஆனால் இந்தப் பிறவியிலேயே சேர்ந்து வாழ உரிமை உள்ளவர்களைப் பிரித்துவிட்டு, அடுத்த பிறவியைக் காட்டி ஆறுதல் சொல்வது நியாயம் ஆகாது. பிரிவுக்கு யார் கையெழுத்திட்டார்கள், எந்தத் தேதியில், எந்த எண்ணில் என்பதையெல்லாம் எழுதிவைப்பதுதான் இந்தப் பிறவியில் நம்மால் செய்யக்கூடிய நீதி.

அதனால் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கண்டி, கம்பளை, மாத்தளை, நுவரெலியாப் பக்கத்தில் உங்கள் வீட்டுப் பெட்டியில் காமன் பாட்டுக் கொப்பி இருந்தால் கறையானுக்கு விடாதீர்கள். மாஸ்டரின் பெயர், தோட்டம், டிவிஷன், எந்த வருஷம் யார் ரதி கட்டினார், யார் மதன் கட்டினார் என்று ஒரு பக்கத்தில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருப்பவர்கள் பழைய பாஸ்போர்ட்டையும் கடிதங்களையும் படம் பிடித்து இக்கரையில் உள்ள சொந்தங்களுக்கு அனுப்புங்கள். எழுபதைத் தாண்டிய ஒவ்வொருவரிடமும், கோச்சி புறப்பட்ட நாளில் ஸ்டேஷனுக்கு யார் யார் வந்தார்கள் என்று கேளுங்கள். சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இந்த மாசிக்கு முன் போய்க் கேளுங்கள்.